சுயராஜ்யம் யாருக்கு?

கரையோரச் சரித்திரம் – 14

சென்ற இதழில் ஃபிரெடரிக் நிக்கல்சனோடு நிறுத்தியிருந்தோம். 1905இல் சென்னை மாகாணத்து மீன்பிடித் தொழிலை ஆராயப் புறப்பட்ட அந்த வெள்ளைக்கார அதிகாரியின் முயற்சியால் 1907இல் மீன்துறைக்கென்று தனி அலுவலகம் பிறந்தது. மீனவர் எப்படிப் பிடிக்கிறார், எப்படி உப்பிடுகிறார், யாரிடம் கடன்பட்டிருக்கிறார் என்றெல்லாம் சர்க்கார் எழுதி வைக்கத் தொடங்கிய காலம் அது. எழுதியவர்கள் அதிகாரிகள். எழுதப்பட்டவர்களிடம் பேனா இல்லை.

அதே 1907ஆம் ஆண்டையொட்டி, சென்னையில் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் பி.எல். முடித்து வக்கீலானார். பிள்ளை என்று சொல்வது வழக்கத்துக்காகத்தான். அவருக்கு அப்போது வயது 47. பெயர் ம. சிங்காரவேலு. பட்டினவர் சமூகத்தில் வழங்கும் பட்டத்தோடு சேர்த்து, அந்தக் காலத்துப் பத்திரிகைகளும் போலீஸ் அறிக்கைகளும் ‘சிங்காரவேலு செட்டியார்’ என்று எழுதின. இந்த இதழும் அடுத்த இதழும் அவருடையவை.

பழவேற்காட்டுத் தொடரில் சென்னைக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வரைபடத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கினால் கடல் கண்ணில் படாது. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே, வயலும் ஏரியுமாக இருக்கும் ஊர் அது. கிழக்கே போகப் போகத்தான் உப்புக்காற்று அடிக்கும். பக்கிங்காம் கால்வாய் வரும். அதைத் தாண்டினால் பழவேற்காடு ஏரியின் குப்பங்கள். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய அந்தக் கால்வாய், படிப்படியாக வடக்கே நீண்டு, 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தெற்கிலும் வெட்டப்பட்டு, அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. பழவேற்காட்டின் கருவாடும் விறகும் சென்னைக்குப் படகில் போன வழி அதுதான். பிறகு ரயில் வந்தது. இன்றும் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலின் வெண்டர் பெட்டியில் மீன்கூடை ஏறுகிறது. சென்னைக் குப்பங்களும் ஏரிக்கரைக் குப்பங்களும் ஒரே கரையின் பகுதிகள்; ஒரே பட்டினவர் சமூகம் இரண்டு இடத்திலும் வலை வீசுகிறது. அந்தக் கரையிலிருந்து தேசிய அரசியலுக்குப் போன முதல் பெரிய மனிதர் சிங்காரவேலர்.

1860 பிப்ரவரி 18இல் பிறந்தவர். தகப்பனார் வெங்கடாசலம், தாயார் வள்ளியம்மை. சேப்பாக்கம், திருவல்லிக்கேணிக் கடற்கரையை ஒட்டிய அயோத்தியாகுப்பத்தோடு தொடர்புடைய, ஓரளவு வசதியான குடும்பம். அந்த வசதிதான் பள்ளிக்கூடத்தைக் காட்டியது. 1881இல் மெட்ரிகுலேஷன் தேறினார்; கிறிஸ்தவக் கல்லூரியில் எஃப்.ஏ., மாநிலக் கல்லூரியில் பி.ஏ. கடலோரப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பள்ளி வாசலையே மிதிக்காத நாளில் இது நடந்தது. நடுவில் வியாபாரமும் பார்த்தார். 1889இல் அங்கம்மாளைச் சாதி பார்க்காமல் மணந்தார். ஒரே மகள் கமலா.

அவருடைய முதல் போர் வெள்ளைக்காரனோடு நடந்ததல்ல. சாமியோடும் சாதியோடும் நடந்தது. அயோத்திதாசப் பண்டிதரும் பேராசிரியர் லட்சுமி நரசுவும் வளர்த்த பௌத்த இயக்கத்தின் காலம் அது. சிங்காரவேலர் வீட்டில் மகாபோதி சங்கக் கூட்டங்கள் நடந்தன. டார்வினைத் தமிழில் விளக்கினார். வாதம் செய்ய வந்த இளைஞர்களில் ஒருவரான திரு.வி. கலியாணசுந்தரனார் பிற்பாடு அவரிடமே பரிணாமக் கொள்கையைக் கற்றார். வீடு முழுக்கப் புத்தகம். அறிவியல், பொருளாதாரம், மதம் என்று கப்பலில் வரவழைத்த ஆயிரக்கணக்கான நூல்கள். அவரைத் தேடிப் போனவர்கள் எல்லோரும் முதலில் பேசியது அந்த அலமாரிகளைப் பற்றித்தான்.

இங்கே சிங்காரவேலரைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வங்கக்கடலைத் தாண்டி மணிலாவுக்குப் போய் வரவேண்டும். அவரைத் தனி அதிசயமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சுயராஜ்யம் யாருக்கு என்று அவர் பிற்பாடு கேட்ட கேள்வியை, அவர் காலத்தில் அடிமைப்பட்ட வேறு ஆசிய நகரங்களில் கேட்டவர்களும் இருந்தார்கள்.

பிலிப்பைன்ஸ் தீவுகளை முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்டது ஸ்பெயின். 1898 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கைப்படி 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் கைமாற்றியது. விடுதலையென்று நம்பியிருந்த பிலிப்பினோக்கள் அமெரிக்கப் படையோடு மோதினார்கள். 1902இல் போர் முடிந்ததாக அமெரிக்கா அறிவித்தது. அதற்கு முன்பே, 1901 நவம்பரில் வந்த ராஜத்துரோகச் சட்டம் சுதந்திரம் கேட்பதையே குற்றமாக்கியிருந்தது. அந்தச் சட்டத்தின் நிழலில் ஒருவர் மணிலாவில் தொழிற்சங்கம் தொடங்கினார். பெயர் இசபெலோ தெ லோஸ் ரேயஸ்.

1864இல் விகான் நகரில் பிறந்தவர், பத்திரிகைக்காரர், தன் மக்களின் வழக்காறுகளைத் திரட்டி நூலாக்கியவர். ஸ்பெயின் ஆட்சி அவரைப் பிடித்து, 1897இல் பார்சலோனாவின் மோன்யுயிக் கோட்டைச் சிறைக்கு அனுப்பியது. அங்கே கூடவே அடைபட்டிருந்தவர்கள் ஐரோப்பியப் புரட்சிக்காரர்கள். சிறையே அவருக்குப் பள்ளிக்கூடமானது. 1901இல் ஊர் திரும்பும்போது மார்க்ஸ் உள்ளிட்டோரின் நூல்களைக் கையோடு கொண்டுவந்தார். 1902 பிப்ரவரி 2இல் அச்சுத் தொழிலாளர்களை முன்வைத்து உனியோன் ஒப்ரேரா தெமோக்ராத்திகா என்ற சங்கம் உருவானது. ஆகஸ்டில் வேலைநிறுத்தம் பரவியது. அமெரிக்க ஆட்சி அவரைக் கைது செய்தது. குற்றச்சாட்டைக் கவனியுங்கள்: கூலியை உயர்த்தச் சேர்ந்து சதி செய்தார். அதற்குக் கை கொடுத்தது பழைய ஸ்பானியக் குற்றவியல் சட்டம். ஆண்டவன் மாறினாலும் சட்டப்புத்தகம் மாறவில்லை.

அவர் சிறைக்குப் போனதும் தொமினதோர் கோமெஸ் என்ற மருத்துவர் சங்கத்தை எடுத்து நடத்தினார். 1903 மே 1இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மணிலாவில் கவர்னர் மாளிகை நோக்கி ஊர்வலம் போனார்கள். கோமெஸும் கைதானார். ஆசியாவின் தொடக்க கால மே நாள் ஊர்வலங்களில் ஒன்று அது. இசபெலோ பிற்பாடு மணிலா நகரசபை உறுப்பினரானார். 1922இல் செனட்டர் ஆனார். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து 1902இல் தோன்றிய பிலிப்பைன்ஸ் சுதந்திரத் திருச்சபையையும் முன்நின்று தொடங்கியவர் அவரே. 1938இல் மறைந்தார்.

தேர்தல் அரசியலின் பெரும் புள்ளிகள் வேறு ஆட்கள். 1907இல் கூடிய பிலிப்பைன்ஸ் சட்டசபையின் தலைவர் செர்ஜியோ ஒஸ்மேன்யா. பின்னால் 1935இல் காமன்வெல்த் அரசின் ஜனாதிபதியானவர் மனுவேல் கெசோன். படிப்போ சொத்தோ உள்ள ஆண்களுக்கே வாக்கு என்ற ஏற்பாட்டில் வென்று, வாஷிங்டனுக்குப் போய்ப் பேசி, படிப்படியாக அதிகாரம் வாங்கியவர்கள் அவர்கள். 1916இல் ஜோன்ஸ் சட்டம், 1934இல் டைடிங்ஸ்–மக்டஃபி சட்டம் என்று அவர்கள் ஏறிய படிகள் உண்மையானவை. ஆனால் கரும்புத் தோட்டத்துக் கூலி அந்தப் படிக்கட்டில் எங்கே நிற்கிறான் என்று முதலில் கேட்டது இசபெலோவின் கூட்டம். சென்னையிலும் இதே பிரிவைப் பார்க்கலாம். 1919 மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் தேர்தல் நடந்தது, சொத்துள்ளவர்களே வாக்களித்தார்கள், நீதிக்கட்சி மந்திரிசபை அமைத்தது, காங்கிரஸ் சட்டசபையைப் புறக்கணித்தது. பெரம்பூர் மில்லில் நூல் நூற்றவனுக்கும் கட்டுமரம் தள்ளியவனுக்கும் இரண்டு பக்கமும் இடமில்லை.

சிங்காரவேலர் நுழைந்தது அந்த இடைவெளியில்தான். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் நீண்ட வேலைநிறுத்தம், துப்பாக்கிச்சூடு, அதோடு சேர்ந்து புளியந்தோப்பில் சாதிக் கலவரம். ஒரே ஆலையில் வேலை செய்தவர்களைச் சாதி எப்படிப் பிரித்துப் போட்டது என்பதைச் சிங்காரவேலர் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலை உதறினார். 61 வயதில், சம்பாத்தியம் தரும் கறுப்பு அங்கியைக் கழற்றி எறிவது சின்னக் காரியம் அன்று. அதே கையோடு காந்திக்கு ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார். நிலமும் உற்பத்திச் சாதனங்களும் யார் கையில் இருக்கும் என்று சொல்லாத சுயராஜ்யம் யாருக்கு என்பதே அதன் சாரம். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது நடந்த ஹர்த்தாலில் முன்னணியில் நின்றார்.

1922 டிசம்பரில் கயா காங்கிரஸ். தமிழ்நாட்டிலிருந்து போன பிரதிநிதிகளில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மேடையேறி, கூடியிருந்தவர்களைத் ‘தோழர்களே’ என்று விளித்தார். தன்னை உலகக் கம்யூனிஸ்டுகளில் ஒருவன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார். ஒளிந்து பேசுவதே உயிருக்குப் பாதுகாப்பு என்றிருந்த காலம். பெஷாவரில் கம்யூனிஸ்ட் வழக்குகள் தொடங்கியிருந்தன. தொழிலாளர் பிரச்சினையைக் காங்கிரஸ் கையிலெடுக்க வேண்டும் என்ற அவருடைய வாதத்தை ஏற்று அதற்கொரு குழு போட்டார்கள். குழு போடுவது காங்கிரசுக்குக் கஷ்டமான வேலையில்லை. சிங்காரவேலர் காத்திருக்கவில்லை.

1923 மே 1. சென்னையில் இரண்டு கூட்டங்கள்: ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். ஒன்றுக்குச் சிங்காரவேலர் தலைமை. மற்றொன்றுக்குச் சுப்பிரமணிய சிவா. இந்தியாவில் மே நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதல் முறை. கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, கொடி சிவப்பு என்பது மெய். ஹிந்துஸ்தான் லேபர் கிசான் கட்சி என்ற கட்சி அன்றைக்கு அறிவிக்கப்பட்டது. மே முதல் நாளை விடுமுறையாக்கக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. இடத்தேர்வையும் பார்க்கவேண்டும். மண்டபம் பிடிக்கப் பணமும் அனுமதியும் வேண்டும். கடற்கரை மணலுக்கு வாடகை இல்லை. வேலை முடிந்து வருகிற துறைமுகக் கூலியும் குப்பத்து ஆளும் அங்கே தயக்கமில்லாமல் உட்காரலாம். வக்கீலாக அவர் ஏறிய நீதிமன்றம் சாலைக்கு அந்தப் பக்கம். சிவப்புக் கொடி இந்தப் பக்கம். 1959இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை மெரினாவில் வைக்கப்பட்டபோது, அந்தக் கரைக்கு ஏற்கெனவே 36 ஆண்டு உழைப்பாளர் வரலாறு இருந்தது.

ஒரு கொடிக்கு ஆட்சியாளர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கும் மணிலாவில் சான்று உண்டு. பிலிப்பைன்ஸ் கொடியையும் புரட்சிக் கழகங்களின் சின்னங்களையும் காட்டுவதைக் குற்றமாக்கி 1907 ஆகஸ்டில் அமெரிக்கா கொண்டுவந்த கொடிச் சட்டம் 1919 வரை நீக்கப்படவில்லை.

சென்னையில் கொடிக்குத் தடையில்லை. ஏற்றியவரைப் பிடிக்க வேறு சட்டம் இருந்தது. 1924இல் கான்பூர் போல்ஷிவிக் சதி வழக்கு. மன்னரின் இறைமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்று இந்திய தண்டனைச் சட்டம் 121ஏ பிரிவில் குற்றச்சாட்டு. எம்.என். ராய், டாங்கே, முசாஃபர் அகமது, சௌகத் உஸ்மானி ஆகியோரோடு சிங்காரவேலர் பெயரும் பட்டியலில் இருந்தது. 64 வயது, கடுமையான நோய். ஜாமீன் கிடைத்தது; கான்பூருக்குக் கொண்டுபோக முடியாமல் அவர்மீதான வழக்கு விடப்பட்டது. டாங்கே, முசாஃபர் அகமது, உஸ்மானி உள்ளிட்ட நால்வருக்குத் தலா நான்காண்டுச் சிறை. அடுத்த ஆண்டு டிசம்பர் 26இல் அதே கான்பூரில் முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாடு கூடியபோது, தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். குற்றவாளிக் கூண்டுக்குப் போக உடம்பு இடங்கொடுக்கவில்லை. மாநாட்டு மேடைக்குப் போக மனசு விடவில்லை. சென்னை மாநகராட்சிக்கும் இந்தக் காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1928 ஜூலை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பட்டறைகளைத் திருச்சிக்குப் பக்கத்திலுள்ள பொன்மலைக்கு மாற்ற முடிவெடுத்தது. மாற்றத்தோடு ஆட்குறைப்பும் சேர்ந்து வந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போகும் நிலை. (1690இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து தங்கள் தலைமையிடத்தைக் கொண்டுபோன ஊர் அதே நாகப்பட்டினம். கம்பெனி வந்தால் ஊர் வளரும், கம்பெனி போனால் ஊர் வாடும் என்பது இந்தக் கரைக்குப் பழைய பாடம்.) ஜூலை 19 நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கொழும்புக்குப் போகும் போட் மெயில் ஓடும் பாதை உட்பட தென்மாவட்டம் முழுக்க அது பரவியது. 68 வயதில் சிங்காரவேலர் ஊர் ஊராகப் பேசினார். மாத இறுதிக்குள் வேலைநிறுத்தம் உடைந்தது, தலைவர்கள் கைதானார்கள். சிங்காரவேலருக்கும் சக தலைவரான முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுத் தண்டனை விதித்தது நீதிமன்றம். மேல்முறையீட்டில் சிங்காரவேலருடைய தண்டனை 18 மாதமாகக் குறைந்தது. 1930இல் வெளியே வந்தபோது அவருக்கு 70 வயது. மணிலாவில் இசபெலோமீது வைக்கப்பட்ட குற்றமும் சென்னையில் இவர்மீது வைக்கப்பட்ட குற்றமும் ஒரே பெயருடையவை: சதி. கூலிக்காரன் இன்னொரு கூலிக்காரனோடு பேசினால் அது சதி.

வெளியே வந்தவர் ஓய்ந்துவிடவில்லை. பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் அறிவியல், மூடநம்பிக்கை, பொருளாதாரம் பற்றித் தொடர்ந்து எழுதினார். கடவுளும் சாதியும் தனி விஷயம், கூலியும் நிலமும் தனி விஷயம் என்று பிரித்துப் பார்க்காத எழுத்து அது. சோவியத் பயணம் முடித்துப் பெரியார் 1932 நவம்பரில் திரும்பினார். டிசம்பர் கடைசியில் ஈரோட்டில் கூடிய கூட்டத்தில் சிங்காரவேலர் வகுத்த சமதர்மத் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஈரோட்டுத் திட்டம் என்று வரலாறு சொல்வது அதைத்தான். இரண்டு ஆண்டு அந்தக் கூட்டணி தமிழ்நாட்டைக் கலக்கியது. 1934இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. சர்க்காரின் பிடி இறுகியது. பெரியார் நீதிக்கட்சியோடு நெருங்கினார். சிங்காரவேலருக்கு அதில் உடன்பாடில்லை. 1935இல் ‘புது உலகம்’ என்று தனிப் பத்திரிகை தொடங்கினார். நீண்ட காலம் நடத்த முடியவில்லை. நோயும் முதுமையும் சேர்ந்து அவரை வீட்டோடு கட்டிப்போட்டன. 1946 பிப்ரவரி 11இல் மறைந்தார். சுதந்திரத்துக்கு ஒன்றரை ஆண்டு பாக்கி இருந்தது.

இன்று சென்னைக் கலெக்டர் அலுவலகத்துக்கு ‘சிங்காரவேலர் மாளிகை’ என்று பெயர். ராஜாஜி சாலையில், கடற்கரை ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரம். குப்பங்களில் பிறந்தநாளுக்கு அவர் படத்துக்கு மாலை விழுகிறது. மீனவர் தந்த மாமனிதர் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அவர் மீனவர் சங்கத் தலைவராகி, மீனவருக்கு மட்டும் சலுகை கேட்டு வாழ்ந்தவர் கிடையாது. அந்த வழி அவருக்கு நன்றாகத் திறந்திருந்தது. பட்டமும் படிப்பும் வசதியும் கையில் இருந்தன. அவர் போகவில்லை.

இந்தத் தெரிவின் பொருளைப் பழவேற்காட்டில் வைத்துப் பார்ப்போம். ஏரியில் பட்டினவர் குப்பங்கள் சில பாடு முறையில் மீன் பிடிக்கின்றன. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அதனால் எந்த நாளில் எந்தக் குப்பத்தின் வலை எந்த இடத்தில் விழும் என்பதை முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். வசதியுள்ளவனும் இல்லாதவனும் சீட்டின் முன்னால் சமம். கணவனை இழந்தவளையும் முதியவரையும் கவனிக்கும் ஏற்பாடுகளும் அதனுள் உண்டு. எந்தச் சட்டசபையும் போடாத சட்டம். எத்தனையோ தலைமுறையாக நிற்கிறது. நிக்கல்சன் காலத்து அதிகாரிகளும் பிற்கால ஆராய்ச்சியாளர்களும் இத்தகைய கரையோர ஏற்பாடுகளைப் பார்த்து வியந்தது நியாயமே.

ஆனால் பாடு முறையில் இடம் பெறத் தலைக்கட்டு என்ற குடும்பத் தலைவர் உரிமை வேண்டும். தலைக்கட்டு கிடைக்கக் குறிப்பிட்ட குப்பத்தில், குறிப்பிட்ட சாதியில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்குச் சீட்டில் பெயர் வராது. ஏரியைச் சுற்றியுள்ள தலித் குடியிருப்புகள் பாட்டில் பங்கு கேட்டபோதெல்லாம் தகராறு வந்திருக்கிறது. வேலிக்குள்ளே சமத்துவம், வேலியைத் தாண்டிப் பேச்சில்லை. 1920 சட்டசபைத் தேர்தலும் இதே கணக்குத்தான். வேலி மட்டும் வேறு. அங்கே சொத்து, இங்கே பிறப்பு.

சிங்காரவேலர் சமதர்மம் என்று சொன்னபோது குறிவைத்தது இந்த வேலியைத்தான். புளியந்தோப்பில் சாதியால் பிளந்த தொழிலாளரைப் பார்த்தவருக்குத் தெரியும், சாதியை விட்டுவைத்துவிட்டு வர்க்கம் பேச முடியாது என்று. குப்பத்தின் பங்கீட்டு நியாயம் அவருக்கு அந்நியமானதன்று. அது குப்பத்தோடு நிற்கக் கூடாது என்பதே அவருடைய அரசியல். அதனால்தான் அவர் மீனவர் தலைவராக இருக்க மறுத்துத் தொழிலாளர் தலைவரானார். அவரை மறுபடியும் ஒரு சாதியின் சுவரொட்டிக்குள் அடைத்து வைப்பது, 1921இல் அவர் காந்தியைக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மாலை மட்டும் போடுவதாகும். ஏரியில் மீன் குறைந்து, முகத்துவாரம் மணல் மூடி, காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகம் வளரும் இந்த நாளில், சீட்டில் யார் பெயர் இருக்கவேண்டும் என்பது பழவேற்காட்டாரின் அன்றாடக் கேள்வி. அதற்குச் சிங்காரவேலர் சொல்லியிருக்கக்கூடிய பதில் குப்பத்துக்கு உவப்பாக இருந்திருக்காது.

அடுத்த இதழில்: ‘குடி அரசு’ பக்கங்களில் சிங்காரவேலரும் பெரியாரும் எங்கே ஒன்றுபட்டார்கள், 1934க்குப் பின் எங்கே பிரிந்தார்கள்?

(தொடரும்)